ஒவ்வொரு வரியும் லிமிட்டுக்குள், கூட்டினால்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். அத்தனைக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. போன மாதம் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். நைட்ரேட் 38, நைட்ரைட் 1.2, ஃபுளோரைடு 0.9, ஆர்செனிக் 0.006, ஈயம் 0.004 என்று வந்திருக்கிறது. எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வரம்புக்குள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் இதை வைத்து இரண்டு கட்சியாகிவிட்டது. “ஐந்து விஷம் சேர்ந்தால் ஐந்து மடங்கா? ஐம்பது மடங்கு!” என்கிறார் ஒருவர். “எல்லாம் பாஸ், அப்புறம் என்ன பீதி? வரம்பு போடும்போதே நூறு மடங்கு பாதுகாப்பு வைத்துத்தான் போடுவார்கள்” என்கிறார் செயலாளர். எங்கள் வீட்டில் இரண்டு மாதப் பேத்தி இருக்கிறாள், புட்டிப்பால் குடிக்கிறாள். யார் சொல்வது சரி? வீட்டில் அடிக்கும் பூச்சி ஸ்பிரே, கழிவறை கழுவும் திரவம் இவையும் இந்தக் கணக்கில் சேருமா?
ஒரு வாசகி

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

பேத்தியின் புட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது மட்டும் இன்றைக்கே செய்ய வேண்டியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இப்போதைக்குப் பால் கலக்காதீர்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் எங்கேயும் போகாது. நீர் ஆவியாகிப் போகப்போக, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நைட்ரேட் அளவு குறைவு என்று லேபிளிலோ சோதனையிலோ தெரிந்த வேறு தண்ணீரை எடுத்து, அதைக் காய்ச்சிப் பால் கலக்குங்கள். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தாற்போல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ‘கிணற்று நீர், நைட்ரேட் இருக்கிறது’ என்று முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் எண்களைப் பார்த்தால் நடக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் மாற்றுவது எளிது, மாற்றிவிடுவோம்.

‘வரம்புக்குள்’ என்று கையெழுத்தாகி வந்த தண்ணீரை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டலில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரைட்டுக்கு 3 மில்லிகிராம். உங்கள் நைட்ரேட் 38. 38-ஐ 50-ஆல் வகுத்தால் 0.76. நைட்ரைட் 1.2. 3-ஆல் வகுத்தால் 0.40. தனித்தனியே இரண்டும் 1-க்குக் கீழே, அதனால் இரண்டும் பாஸ். ஆய்வகம் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே வழிகாட்டலில் இந்த இரண்டுக்கும் கீழே இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: இரண்டும் சேர்ந்து இருந்தால், இந்த இரண்டு விகிதங்களின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர்ச் சட்டத்திலும் இந்த நிபந்தனை உண்டு. உங்களுக்கு 0.76-உம் 0.40-உம் சேர்ந்து 1.16. பாஸான இரண்டு வரிகள் சேர்ந்து ஃபெயிலான ஒரு மொத்தம்.

ரிப்போர்ட் படிவத்தில் அந்தக் கூட்டல் வரி இல்லாததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இது நான் அடிக்கடி பார்க்கும் கதை. சோதனைக் கருவி நுணுக்கமாக அளந்து கொடுக்கிறது. கடைசியில் இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட ஆள் இல்லாமல் போகிறது.

ஏன் இந்த இரண்டை மட்டும் கூட்டுகிறோம் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். இரண்டும் உடம்பில் போய்ச் செய்யும் வேலை ஒன்றே. நைட்ரேட்டைக் குழந்தையின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் நிலையை மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைத் தூக்க முடியாது. ரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போகும், உதடு நீலமாகும். ஆக, நேராக வந்த நைட்ரைட்டானாலும் நைட்ரேட்டாக வந்து உள்ளே வேஷம் மாறிய நைட்ரைட்டானாலும் ரத்தத்துக்கு ஒன்றுதான். ஒரே கடனைத் தனித்தனியே இரண்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோட்டிலும் கடன் குறைவு என்று சந்தோஷப்படுவது போன்றது தனித்தனி வரம்பு.

1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால் கலந்து குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததை முதன்முதலில் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு சேர்ந்த மனிதக் குழந்தைகளின் விவரங்களிலிருந்துதான் நைட்ரேட்டின் 50 என்ற எண் வந்தது. உங்கள் செயலாளர் கவனிக்க வேண்டிய இடம் இது. நூறு மடங்குப் பாதுகாப்பு என்று அவர் சொல்வது கற்பனை இல்லை. 1954-இல் லேமன், ஃபிட்ஸ்ஹியூ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த முறை அது. விலங்குச் சோதனையில் தீங்கு தெரியாத அளவை எடு. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பத்தால் வகு. மனிதருக்குள்ளேயே ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசத்துக்காக இன்னொரு பத்தால் வகு. பல பூச்சிக்கொல்லிகளுக்கும் உணவுச் சேர்ப்பான்களுக்கும் வரம்பு இப்படித்தான் போடப்படுகிறது. நைட்ரேட்டுக்கு அப்படிப் போடவில்லை. குழந்தைகளிடமே பார்த்து வைத்த கோடு என்பதால், கோட்டுக்குக் கீழே நூறு மடங்கு மெத்தை ஒன்றும் விரித்திருக்கவில்லை. தவிர, அந்தப் பத்துகள் இரண்டும் வேறு வேலைக்காக வைக்கப்பட்டவை. கூட வரும் வேறு ரசாயனங்களுக்கு என்று அதில் தனிப் பங்கு எதுவும் ஒதுக்கவில்லை.

குழந்தைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடிநீர் வரம்பு போடுகிறவர்கள் பெரியவரை 60 கிலோ எடை, நாளுக்கு 2 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வார்கள். புட்டிப்பால் குழந்தையை 5 கிலோ, 0.75 லிட்டர் என்று வைப்பார்கள். கிலோவுக்குப் பெரியவர் குடிப்பது ஏறக்குறைய 33 மில்லி. குழந்தை 150 மில்லி. ஒரே குழாய்த் தண்ணீர், ஆனால் உங்கள் பேத்திக்குப் போவது நாலரை மடங்கு. அதோடு, மாறிப்போன ஹீமோகுளோபினைத் திரும்பச் சரிசெய்யும் நொதி அவளிடம் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால்தான் ஒரே 1.16 உங்களுக்கு வெறும் எண்ணாகவும் அவளுக்குக் கவனிக்க வேண்டிய எண்ணாகவும் இருக்கிறது.

இப்போது ஒரு சின்ன எச்சரிக்கை, இது என் சொந்த வெட்கக்கேட்டிலிருந்து வருவது. வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தது. நைட்ரேட் 14 என்று இருந்தது. 50-க்கு 14 தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மூத்த அதிகாரி ஒன்றும் பேசாமல், வரியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘நைட்ரஜனாக’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். நைட்ரஜன் கணக்கில், அதாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் எண்ணி, 14 என்றால் முழு நைட்ரேட் கணக்கில் 62. வரம்பைத் தாண்டியது. அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அலகைப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். நைட்ரேட் என்றால் 4.43-ஆலும் நைட்ரைட் என்றால் 3.29-ஆலும் பெருக்கினால் நைட்ரஜன் கணக்கு முழு நைட்ரேட், நைட்ரைட் கணக்காக மாறும். உங்கள் நைட்ரைட் 1.2 என்பது நைட்ரஜன் கணக்காக இருந்துவிட்டால் அது உண்மையில் 3.9, அப்போது கூட்டவே வேண்டாம், அந்த ஒரு வரியே ஃபெயில். ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, மிச்ச மூன்று வரிகள். ஃபுளோரைடுக்கு வழிகாட்டல் அளவு 1.5, உங்களுடையது 0.9, விகிதம் 0.6. ஆர்செனிக்குக்கு 0.01, உங்களுடையது 0.006, அதுவும் 0.6. ஈயத்துக்கும் 0.01, உங்களுடையது 0.004, விகிதம் 0.4. ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 2.76 வருகிறது. ‘ஐம்பது மடங்கு’ நண்பரிடம் இந்த எண்ணைக் காட்டாதீர்கள், மேடை போட்டுவிடுவார்.

ரசாயன ஆபத்தை மதிப்பிடும் எங்கள் தொழிலில் இந்த முரட்டுக் கூட்டலை முதல் படியாக நாங்களே செய்வதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ரசாயனப் பாதுகாப்புத் திட்டம் வகுத்த படிப்படியான முறையும் இதுதான்: முதலில் எல்லாவற்றையும் கூட்டு, 1-க்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போ. மேலே வந்தால் பிரித்துப் பார். எது எந்த உறுப்பைத் தாக்குகிறது, எந்த வழியில் தாக்குகிறது என்று குழு பிரித்து, ஒரே குழுவில் இருப்பதை மட்டும் திரும்பக் கூட்டு. அந்தக் குழுவின் கூட்டுத்தொகைக்கு அபாயக் குறியீடு என்று பெயர். உங்கள் தண்ணீரில் ரத்தத்தைத் தாக்கும் குழுவில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும், 1.16. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பார்ப்பது. அது தனிக் குழு, 0.6. ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் கூட்டுவது என்பது செருப்பு அளவையும் சட்டை அளவையும் கூட்டுவது போன்றது. விடை வரும், அதை வைத்து எதுவும் தைக்க முடியாது.

ஆர்செனிக்கும் ஈயமும் எனக்கு வேறு காரணத்தால் உறுத்துகின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள 0.01 என்ற எண்ணை ஃபுளோரைடின் 1.5 போலப் படிக்கக் கூடாது. ‘இதற்குக் கீழே தீங்கில்லை’ என்று கண்டுபிடித்து வைத்த கோடு இல்லை அது. ஆர்செனிக் புற்றுநோய் உண்டாக்குவது; ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று முன்பு வைத்திருந்த உட்கொள்ளல் அளவுகள் இரண்டையும் உணவுச் சேர்ப்பான்களுக்கான சர்வதேச நிபுணர் குழு 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. குடிநீரின் 0.01 இன்றைக்கும் தற்காலிக எண்ணாகவே இருக்கிறது. சுத்திகரிப்பும் அளவீடும் நடைமுறையில் எட்டக்கூடிய இடம் என்பதால் அங்கே நிற்கிறது. அதனால் ஆர்செனிக் 0.6 என்பதைப் ‘பாதுகாப்பான அளவில் அறுபது சதவீதம்’ என்று படிக்காதீர்கள். குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டிய பொருள்கள் இரண்டும். ஒரே அட்டவணையில், ஒரே எழுத்தில் அச்சாகி வருவதால் எல்லா வரம்பும் ஒரே ஜாதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எண்ணுக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று கேட்காமல் கூட்டுவதும் தப்பு, கூட்டாமல் விடுவதும் தப்பு.

ஐம்பது மடங்கு நண்பருக்கு வருகிறேன். அவரை முழுக்க விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த ஐம்பதுக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் அமெரிக்காவில் மாலத்தியான், ஈபிஎன் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, நாய்களில் நச்சுத்தன்மை எதிர்பார்த்ததைவிட ஐம்பது மடங்கு வரை ஏறியது. காரணம் பின்னால் தெரிந்தது. மாலத்தியானை உடைத்துப் போடும் நொதி ஒன்று பாலூட்டிகளின் உடம்பில் காவல் நிற்கிறது. ஈபிஎன் அந்தக் காவலாளியின் கையைக் கட்டிவிடுகிறது. மாலத்தியான் நடந்தே உள்ளே வந்துவிடுகிறது.

இதே வித்தை மனிதர்களிடமும் நடந்தது. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 பணியாளர்களில் ஏறக்குறைய 2,800 பேருக்கு நச்சு ஏறியது. ஐந்து பேர் இறந்தார்கள். தெளித்த மருந்தில் ஐசோமாலத்தியான் என்ற கசடு கலந்திருந்தது. அதுவும் அதே காவலாளியைக் கட்டிப்போடும் பொருள்தான். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1979-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நுரையீரல் புற்றுநோயால் லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் இறந்தவர்கள்: புகைப்பழக்கமும் கல்நாரும் இல்லாதவர்களில் 11, கல்நார் மட்டும் 58, புகைப்பழக்கம் மட்டும் 123, இரண்டும் சேர்ந்தவர்களில் 602. வெறும் கூட்டல் என்றால் 170-ஐ ஒட்டி நின்றிருக்க வேண்டும். இங்கே பெருக்கல் நடந்திருக்கிறது.

ஆக, பெருகுவது உண்டு. ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் அளவைக் கவனியுங்கள். நாய்களுக்குக் கொடுத்தது கொல்லக்கூடிய அளவை ஒட்டியது. மருந்து தெளித்த பணியாளர்கள் நாள் முழுக்க அதில் நனைந்தவர்கள். காவலாளியின் கையைக் கட்ட ஒரு குறைந்தபட்சக் கயிறு வேண்டும்; குடிநீரில் இருக்கும் மிகச் சிறிய அளவு பெரும்பாலும் அதற்குப் போதாது. குறைந்த அளவுகளில் செய்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று, கூட்டலை மிஞ்சிய சில இடங்களிலும் அது நாலு மடங்கைத் தாண்டவில்லை என்று கண்டது. நேர் எதிராக, ஒன்றை ஒன்று தடுப்பதும் உண்டு. மெத்தனால் குடித்துவிட்டவருக்கு எத்தனால் கொடுத்துக் காப்பாற்றுவது மருத்துவத்தில் பழைய முறை. இரண்டும் ஒரே நொதிக்காகப் போட்டி போட, மெத்தனால் விஷமாக மாறுவது தாமதப்படும். அதனால் எல்லாம் பெருகும் என்று ஆரம்பிப்பதில்லை, எல்லாம் ஒன்றையொன்று தடுக்கும் என்றும் ஆரம்பிப்பதில்லை. கூட்டலில் ஆரம்பித்து, பெருகும் என்று காரணம் தெரிந்த ஜோடிகளுக்கு மட்டும் தனியாகக் கவலைப்படுகிறோம்.

செயலாளருக்கும் ஒரு பங்கு. ‘ஒவ்வொன்றும் தீங்கில்லாத அளவில் இருக்கும்போது சேர்ந்தால் மட்டும் எப்படித் தீங்கு?’ என்று அவர் கேட்கலாம். 2002-இல் லண்டனில் ஓர் ஆய்வுக் குழு இதைத்தான் செய்து பார்த்தது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போலப் பலவீனமாக நடிக்கும் எட்டு ரசாயனங்கள். ஒவ்வொன்றையும் தனியே வைத்தால் சோதனைச் செல்லில் ஒரு மாற்றமும் தெரியாத அளவுக்குக் கீழே எடுத்துக்கொண்டார்கள். எட்டையும் சேர்த்தபோது விளைவு தெளிவாகத் தெரிந்தது. சிறு துளி பெருவெள்ளம் என்று படித்ததை நாம் சேமிப்புக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

சட்டம் இதை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். கொஞ்சம் கவனித்திருக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம், ஒரே வழியில் தாக்கும் பூச்சிக்கொல்லிகளைச் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் தைராய்டுக்கும் நரம்பு மண்டலத்துக்கும் அப்படிச் சேர்த்துப் போட்ட கணக்குகளை வெளியிட்டது. டையாக்சின் என்ற நச்சுப்பொருள் குடும்பத்துக்கு இதைவிடப் பழைய வழக்கம்: அதிலேயே கொடியதற்கு 1 என்று மதிப்பெண் கொடுத்து, மற்றவற்றை அதன் பங்காக மாற்றிக் கூட்டுவது. இவையெல்லாம் ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் கூட்டல். பூச்சிக்கொல்லி ஒரு துறை, குடிநீர் ஒரு துறை, காற்று ஒரு துறை என்று கோப்புகள் பிரிந்து கிடக்கின்றன. உடம்புக்குள் அந்தப் பிரிவு இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் உங்கள் கிணற்றுக்கு அது காத்திருக்க வேண்டியதில்லை.

கிணற்றுக்கு என்ன செய்யலாம்? ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போனது நைட்ரேட்டின் 38-க்கு இல்லை, நைட்ரைட்டின் 1.2-க்குத்தான். நிலத்தடி நீரில் நைட்ரைட் பொதுவாக நிலைத்து நிற்காது. அது இவ்வளவு இருந்தால் எங்கேயோ பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். கழிவுநீர் கசிந்து வரலாம், தொட்டியில் வண்டல் படிந்திருக்கலாம். அல்லது மாதிரி எடுத்த புட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்திருக்கலாம், புட்டிக்குள்ளேயே மாறியிருக்கும். அதனால் முதலில் ஈ.கோலை சோதனை. தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா அது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தச் சோதனை இல்லை என்பது எனக்கு ஐந்து ரசாயனங்களையும்விடப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் குடலில் நைட்ரைட் உற்பத்தியும் கூடும், நைட்ரேட்டின் தீங்கும் ஏறும். கிருமியும் ரசாயனமும் சேர்ந்த கூட்டணி அது. மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்க்கச் சொல்லுங்கள். கிணற்று வாயில் ஒன்று, மேல்தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று என்று மூன்று எடுங்கள். நைட்ரைட் எங்கே பிறக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. குளோரின் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடும். முறையாகக் குளோரின் போட்டு, அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், உங்கள் 1.2 நைட்ரைட் 1.6 நைட்ரேட்டாகிவிடும். அப்போது நைட்ரேட் 39.6, நைட்ரைட் பூஜ்யம். 39.6-ஐ 50-ஆல் வகுத்தால் 0.79. மொத்தம் 1.16-இலிருந்து 0.79-க்கு இறங்கிவிட்டது, கிருமியும் போனது. நைட்ரேட் வரி கொஞ்சம் ஏறியிருக்கிறது. வரி வரியாக மட்டும் படிக்கிறவருக்கு ‘நிலைமை மோசமாகியிருக்கிறது’ என்று தோன்றும்! நைட்ரேட் மழைக்குப் பின் கூடக்கூடியது என்பதால், மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து எண் நிலையாக நிற்கும் வரை பேத்திக்கு வேறு தண்ணீரே இருக்கட்டும்.

‘குளோரின் போட்டால் புற்றுநோய்’ என்று யாராவது எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். தண்ணீரில் உள்ள இலைதழைச் சாரத்தோடு குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற நான்கு பொருள்கள் உண்டாகும் என்பது உண்மை. அவற்றுக்கும் இதே கூட்டல் விதி உண்டு: குளோரோஃபார்ம் 0.3, புரோமோஃபார்ம் 0.1, டைபுரோமோகுளோரோமீத்தேன் 0.1, புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06 என்ற அளவுகளால் வகுத்து, நான்கு விகிதங்களின் கூட்டு 1-க்குள் இருக்க வேண்டும். ஆழ்துளை நீரில் அந்தச் சாரம் பொதுவாகக் குறைவு. இதைக் குறைக்கிறேன் என்று கிருமி நீக்குவதில் கைவைக்கக் கூடாது என்று அதே வழிகாட்டலில் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

வீட்டு வடிகட்டிகளைப் பற்றி ஒரே வார்த்தை: கரியும் புற ஊதா விளக்கும் மட்டும் உள்ளவை நைட்ரேட்டைத் தொடாது. ஆர்.ஓ. குறைக்கும், ஈயத்தையும் ஃபுளோரைடையும் சேர்த்தே குறைக்கும். ஆர்செனிக்கில் ஒரு வகை மட்டும் அதற்கு எளிதில் பிடிபடாது, அதனால் பொருத்திய பிறகும் ஒரு தடவை சோதியுங்கள்.

பூச்சி ஸ்பிரே கேட்டிருந்தீர்கள். தண்ணீர்க் கணக்கோடு அது சேராது. தாக்கும் இடம் வேறு. ஆனால் அந்த டின்னைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். பைரெத்ரின் வகை மருந்தோடு ‘பைப்பரோனில் பியூட்டாக்சைடு’ என்று ஒரு பெயர் பல டின்களில் இருக்கும். அது தனியாகப் பூச்சியைக் கொல்ல வந்ததில்லை. பூச்சியின் உடம்பில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்க வந்தது. காவலாளியின் கையைக் கட்டும் அதே வித்தை, வேண்டுமென்றே கலந்து விற்கிறார்கள். பேத்தி இருக்கும் அறையில் அடிக்காதீர்கள், அடித்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்.

கழிவறைத் திரவத்தில் கூட்டலே இல்லை. அங்கே நடப்பது சமையல். பிளீச்சோடு அமிலத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு, அமோனியா சேர்ந்தால் குளோரமின். தனித்தனியே வாங்கிய இரண்டு புட்டியிலும் இல்லாத மூன்றாவது ஒன்று. இதற்கு அளவுக் கணக்கு எல்லாம் கிடையாது, ஒரே நேரத்தில் இரண்டையும் ஊற்றாதீர்கள்.

கூட்டத்தில் 1.16-ஐச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பதினாறு சதவீதம் பேருக்கு நோய் வரும் என்றோ, ஆபத்து பதினாறு சதவீதம் கூடிவிட்டது என்றோ அதற்கு அர்த்தமில்லை. அழைப்பு மணி போல அது. யார் வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. யாருக்காவது முடி கொட்டுவதற்கும் தோல் அரிப்பதற்கும் இந்த எண்ணைக் காரணமாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அலகு என்ன என்று ஆய்வகம் சொல்லும் பதிலையும் மூன்று இடத்து ஈ.கோலை முடிவையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த ரிப்போர்ட்டில் நைட்ரேட், நைட்ரைட் வரிகளுக்குக் கீழே கூட்டுத்தொகைக்கு என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படியும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் போட்டுக் கொடுப்பார்கள்.